ஊருணி மடைக் கதவு: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கும் ஊர்ப் பொதுமக்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

அம்பாள் அருளால் சுற்றுச்சுவர்ப் பூச்சும் மண்டபத் தளமும் ஊருணிப் படித்துறையும் நிறைவடைந்துவிட்டன. அவற்றை எல்லோரும் நேரில் பார்த்துவிட்டீர்கள். வரவு செலவுக் கணக்கும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. ஆகவே, பொதுக்குழுவில் அதிகக் கேள்வி எழுந்த வரத்துக்கால் மடைக் கதவைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

தேவிபட்டினம் பக்கத்துக் கடலோர ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையே பெரும்பாலும் ஆண்டு முழுவதற்குமான நீர். கண்மாயிலிருந்து வரும் முதல் கலங்கலை ஒதுக்கிவிட்டு, தெளிந்த தண்ணீர் வந்தவுடன் கதவைத் திறக்க வேண்டும். ஊருணி நிறைந்தவுடன் தாமதமின்றி அடைக்க வேண்டும். பழைய மடையில் இருந்த திருகுத் தண்டில் ஒரு சுற்றுக்கு ஒரு புரியளவே கதவு ஏறும். உப்புக்காற்றில் துருவும் மணலும் புரிக்குள் அடைத்துக்கொண்டால் அதுவும் ஏறாது. பாம்பன் புதுப் பாலத்தைப் போலக் கம்பிக் கயிறு போடலாமே என்று சிலர் கேட்டார்கள். கயிறு இழுக்குமே தவிரத் தள்ளாது. சகதியிலோ கருவேல முள்ளிலோ கதவு சிக்கிக்கொண்டால் மேலிருந்து அழுத்தித்தான் இறக்க வேண்டும். இரண்டையும் செய்யக்கூடியது என்பதாலேயே பற்சட்டமும் பற்சக்கரமும், அதாவது பட்டறையில் ரேக், பினியன் என்று சொல்வதை, குழு தேர்ந்தெடுத்தது.

ஒரு பற்சக்கரத்தின் ஆரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அதன் விளிம்பு கடைசியில் நேர்கோடாகிவிடும். அப்படி நேராகிப்போன பற்சக்கரமே பற்சட்டம். நீலகிரி மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே இருப்பதும் இதுதான். அங்கே சட்டம் அசையாமல் கிடக்க, சக்கரம் அதைப் பற்றி ஏறுகிறது; நம் மடையில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல, சட்டம் கதவையும் கூட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறது. மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் மி.மீ. அளவு) 6 கொண்ட, 20 பற்கள் உள்ள பினியன் பொருத்தியிருக்கிறோம். 6-ஐ 20-ஆல் பெருக்க, பல்வட்டத்தின், அதாவது பற்கள் ஒன்றோடொன்று கோக்கும் வட்டத்தின், விட்டம் 120 மி.மீ.; சுற்றளவு ஏறத்தாழ 377 மி.மீ. பினியன் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சட்டம் நகரும் தொலைவும் அதுவே. பல்லோடு பல் கோத்திருப்பதால் வழுக்கலுக்கு இடமில்லை.

பினியனுக்கும் கைப்பிடிக்கும் நடுவே 6-க்கு 1 என்ற குறைப்புப் பல்லிணை உண்டு; கைப்பிடி ஆறு சுற்று சுற்றினால் பினியன் ஒரு சுற்றுச் சுற்றும். அதனால் 90 செ.மீ. உயரக் கதவை முழுவதும் திறக்கக் கைப்பிடியைப் பதினான்கு, பதினைந்து முறை சுற்ற வேண்டியிருக்கிறது. இதைக் குறை சொன்னவர்களுக்கு ஒரு கணக்கு: தண்ணீர் மேல்விளிம்பு வரை நின்றால் அந்தச் சதுரக் கதவை ஏறத்தாழ 365 கிலோ விசையோடு சட்டகத்தில் அழுத்துகிறது, அதனால் வரும் உராய்வையும் கதவின் 120 கிலோ எடையையும் சேர்த்தால் தூக்க வேண்டியது சுமார் 265 கிலோ. 35 செ.மீ. கைப்பிடியில் அதுவே பத்து கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. சுற்று கூடிய அளவுக்குச் சுமை குறைந்திருக்கிறது.

பற்கள் 20 பாகைச் சாய்வில் வெட்டப்பட்டவை என்பதால், சுமை ஏறும்போது பினியன் சட்டத்தைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளும். மேற்சொன்ன சுமைக்கு அந்தத் தள்ளல் 100 கிலோவுக்குச் சற்றே குறைவு. சட்டத்தின் முதுகில் ஓர் உருளை வைத்திருப்பது இதற்காகத்தான். அது அலங்காரம் அன்று. பொருத்தும்போது மேஸ்திரி பற்களுக்கிடையே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து உருட்டிப் பார்த்தார். காகிதம் கிழியாமல், மடிப்பு மட்டும் விழுந்து வெளியே வந்த பிறகே போல்ட்டுகளை இறுக்கினார்.

திருகைப் போல இது தானாக நிற்காது. கதவின் எடையே பினியனைத் திருப்பிச் சுழற்றிவிடும். அதற்காகவே தடுப்புக் கொண்டி உள்ளது. இறக்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கொண்டியைத் தூக்க வேண்டும். பிடியை விட்டுவிட்டுத் தூக்கினால் கதவு விழுவதோடு, சுழலும் பிடி கையை முறித்துவிடும். சிறுவர்கள் கை வைக்காதபடி பிடி கழற்றப்பட்டுக் கோயில் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

கிரீஸை அள்ளிப் பூசுவது பெரும்பாலோர் வழக்கம். இங்கே அது மணலைப் பிடித்துவைத்துப் பல்லையே அராவிவிடும். தகர மூடியைக் கழற்றி, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, துடைத்து, எண்ணெயை மெல்லத் தடவினால் போதும். இதை ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் செய்து முடிக்கும் பொறுப்பை அடுத்த பொதுக்குழுவில் ஒருவரிடம் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்