எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நோய் எதிர்ப்புக் கட்டுரை சரளமாக இருந்தது. ஆனால் படித்து முடித்தால் வெள்ளையணுக்களின் எண்ணிக்கைதான் எல்லாம் என்ற எண்ணமே மிஞ்சுகிறது. அந்த அணு நகர வேண்டாமா? தன் சரக்கைச் சரியான பக்கம் கொண்டுசேர்க்க வேண்டாமா? அதைச் செய்யும் செல் சட்டகத்தைப் பற்றியும் (செல்லுக்குள் இருக்கும் புரத இழைகளின் அமைப்பு), அந்த இழைகளைப் பிடித்து இழுக்கும் புரதங்களான மூலக்கூறு மோட்டார்களைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு கிருமியைத் துரத்தும்போது முன்புறம் ஆக்டின் என்ற சட்டக இழைகள் வளர்ந்து சவ்வைத் தள்ளும். பின்புறத்தை மயோசின் என்ற மோட்டார் சுருக்கி இழுத்துக்கொள்ளும். இதையாவது பாடப்புத்தகங்களில் பார்க்கலாம். கொல்லும் டி செல் என்ற இன்னொரு வெள்ளையணுவின் கதைதான் எனக்குப் பெரிய வியப்பு. வைரஸ் புகுந்த செல்லைத் தொட்ட சில நிமிடங்களில் டி செல்லின் உள்ளமைப்பே திரும்பிவிடுகிறது. தொட்ட இடத்தில் ஊன்றிக்கொண்ட டைனீன் மோட்டார்கள் சட்டகத்தின் குழாய் போன்ற இழைகளான நுண்குழல்களைப் பிடித்து இழுக்க, அவை கிளம்பும் மையமான சென்ட்ரோசோம் அந்தப் பக்கச் சவ்வை ஒட்டி வந்து நிற்கிறது. இலக்கைக் கொல்லும் புரதங்களான பெர்ஃபோரினும் கிரான்சைமும் நிறைந்த துகள்கள் நுண்குழல் வழியே அங்கே வந்து, அந்த ஓர் இடத்தில் மட்டும் சரக்கை வெளியேற்றுகின்றன. அக்கம்பக்கத்து நல்ல செல்கள் தப்பிக்கின்றன.

இது கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிரிசெல்லி நோயின் இரண்டாம் வகையே சாட்சி. அரிதான பரம்பரை நோய். குழந்தையின் முடி வெள்ளிபோல் மின்னும். ஒரு முடியை நுண்ணோக்கியில் வைத்தால் நிறமி சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகத் தெரியும். ராப்27ஏ என்ற புரதத்தில் குறை. நிறமித் துகளை மயோசின் மோட்டாருடன் இணைக்க உதவுவதும் அதுதான், டி செல்லின் கொல்லும் துகளைச் சவ்வோரம் நிறுத்துவதும் அதுதான். (முடியைப் பார்த்தே நோய் எதிர்ப்புக் கோளாறைச் சந்தேகிக்கலாம் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.) டி செல்கள் இருக்கும், இலக்கைத் தொடும், துகள்களும் வரும், சரக்கு மட்டும் வெளியேறாது. இலக்கு சாகாததால் தூண்டலும் அடங்காது. செல்கள் பெருகிக்கொண்டே போய்க் குழந்தையின் சொந்த உறுப்புகளையே பதம் பார்க்கும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் நிலையான வழி.

இப்படியிருக்க, "எதிர்ப்புச் செல்களைப் பெருக்குங்கள்" என்று பெட்டிச் செய்தி போட்டிருப்பது சரியா? செல்லின் உள்ளே நடக்கும் இந்தப் போக்குவரத்தைப் பற்றி, படங்களோடு தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள்.

— உயிரியல் ஆசிரியை ஒருவர்