கிலுகிலுப்பை விதை அனுப்பியிருக்கிறேன்

பசறை,
ஆவணி மாதம்.

அன்பு மச்சான்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது என் பிழைதான். அம்மாவின் முழங்கால் வலி, மகளின் சோதனை என்று நாள் ஓடிவிட்டது. இப்போது எல்லோரும் சுகம். கங்காணித் தாத்தா இன்னும் உன்னை ‘கொய்யாக் கள்ளன்’ என்றே விசாரிக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போகும்போது காய்ந்த காயைக் காதோரம் ஆட்டிக்கொண்டே நடப்போமே, அந்தக் கிலுகிலுப்பைச் செடி. ரோட்டோரம் ஒரு கைப்பிடி விதை பொறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, போன ஐப்பசி மழைக்கு முன் காம்பரா வீட்டுக்குப் பின்னால் போட்டேன். மானாப்புல் தவிர எதுவும் வராத அந்தக் கல்லு மேட்டில்தான். தைக்குள் இடுப்பளவு நின்று மஞ்சளாய்ப் பூத்தது. ஆனியில் தொடங்கிய வறண்ட கச்சான் காற்று விடவேயில்லை. பீலியில் விழும் தண்ணீர் நூலாகிவிட்டது, ஒரு வாளி நிரம்ப அரை மணி நேரம். செடிக்கு ஒரு சொட்டும் ஊற்றவில்லை. ஆடி நடுவரை பூ நின்றது!

காய்ந்ததும் அடுப்புக்காகட்டும் என்று பிடுங்கப் போனேன். மச்சான், செத்த தண்டு முழுக்க வண்ணத்துப்பூச்சி! கறுப்பில் இளநீலப் புள்ளி போட்டவை, நாற்பதுக்கு மேல் எண்ணினேன். பூவே இல்லாத செடியில் என்ன வேலை என்று மகளின் விஞ்ஞான டீச்சரிடம் கேட்டேன். செடியில் ஒருவித நஞ்சு இருக்கிறதாம். ஆண் பூச்சிகள் வாடிய இலையிலும் தண்டிலும் அதை உறிஞ்சி, பெண்ணை மயக்கும் வாசனையாக மாற்றிக்கொள்கின்றனவாம். அந்த நஞ்சு உடம்பில் இருப்பதால் குருவிகளும் பெரும்பாலும் தீண்டாதாம். அன்றிலிருந்து ஒரு குச்சியையும் நான் பிடுங்கவில்லை.

ஆனால் போன கிழமை ரோட்டோரம் முழுக்கப் புல் மருந்து அடித்துவிட்டார்கள். நான் விதை பொறுக்கிய தாய்ச்செடி நின்ற இடமெல்லாம் கருகிக் கிடக்கிறது. பார்த்துவிட்டு அன்று சாப்பாடே இறங்கவில்லை. வேர் முடிச்சால் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கிறது என்று தேயிலைக்கிடையில் இந்த இனத்துச் செடிகளைப் பசளைக்காகவே ஒரு காலத்தில் விதைத்தார்களே, இப்போது அது வெறும் களையா?

அதனால்தான் இந்தப் பொட்டலம். பாதி விதை உனக்கு. நீ வைத்த ரோசாவெல்லாம் கருகிய கதை ஊருக்கே தெரியும். இதற்கு உன் கை போதும். நல்ல வெயில் படுகிற இடம் பார். மாட்டுக்கு எட்டக்கூடாது, விதையும் இலையும் அதற்கு ஆகாது. ஐப்பசி மழைக்கு முன் போட்டுவிடு. காய்ந்தாலும் பிடுங்காதே.

முளைத்ததும் எழுது. அம்மா உன்னைக் கேட்டார்கள்.

உன் மச்சான்