கரண்ட் பில் கட்டும் முன்

எல்லோருக்கும் வணக்கம். இந்த முறை ஈபி ரீடிங் எடுத்ததும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பில்லோடு ஒப்பிடுங்கள். 4831 என்பது 4881 ஆனால் 50 யூனிட் கூடுதல்! இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போனதற்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் ரேட் ஏறும். தவறு தெரிந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்கு அழையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் நெட் பில். திருப்பிக் கொடுத்த ரவுட்டருக்கு எனக்கு மூன்று மாதம் வாடகை போட்டிருந்தார்கள். ஆட்டோ பே என்பதால் நான் பில்லைத் திறக்கவே இல்லை (சோம்பேறித்தனம்தான்). ரவுட்டரைக் கொடுத்த ரசீது கையில் இருந்ததால் பணம் திரும்பி வந்தது.

சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிறு காலை பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்த்துவிடுவோம்.