சிற்றிதழ் ஆசிரியர்களுக்கு: வென்ட்ஸ்லோவாவுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்

உலகக் கவிதைச் சிறப்பிதழ் கொண்டுவரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

போலந்துக் கவி செஸ்லாவ் மிலோஸும் ரஷ்யக் கவி ஜோசப் பிராட்ஸ்கியும் நம் வாசகர்களுக்குப் பழக்கமான பெயர்கள். இருவருக்கும் நெருங்கிய நண்பரான லிதுவேனியக் கவி தொமாஸ் வென்ட்ஸ்லோவாவுக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூடவே ஒரு நிபந்தனை: தாய்நாட்டை நினைத்துக் கண்ணீர் வடிக்கும் அகதிக் கவி என்ற வழக்கமான சட்டையை அவருக்கு மாட்டிவிடாதீர்கள். அளவு பொருந்தாது.

அவருடைய அப்பா அந்தானாஸ், சோவியத் லிதுவேனியாவின் கல்வி ஆணையராக, அதாவது அமைச்சராக, இருந்தவர். அதன் கீதத்துக்கு வரிகள் எழுதியவரும் அவரே. மகன் நினைத்திருந்தால் ஆயுசுக்கும் அரசாங்கச் செல்லப்பிள்ளையாகவே காலம் தள்ளியிருக்கலாம். ஆனால் 1956ல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரியை நசுக்கியபோது நம்பிக்கை விட்டுப்போயிற்று. 1975 மே மாதம் லிதுவேனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். உங்கள் சித்தாந்தம் எனக்கு அந்நியம், பெரும்பாலும் தவறானது, நாட்டுக்கு நிறையக் கேடு செய்திருக்கிறது, குடும்பத்தோடு வெளியேற விடுங்கள் என்பதே அதன் சாரம்.

அடுத்த ஆண்டு இறுதியில், மனித உரிமை மீறல்களைப் பதிவு செய்ய லிதுவேனிய ஹெல்சிங்கி குழு உருவானது. தொடங்கியவர்கள் ஐந்தே பேர்: ஒரு இயேசு சபைப் பாதிரியார், ஒரு யூத இயற்பியலாளர், சோவியத் உழைப்பு முகாம் வாழ்க்கையைப் பார்த்துத் திரும்பிய ஒரு வயதான பெண் கவி, முன்பே சிறை கண்ட கத்தோலிக்கரான விக்டோராஸ் பெட்குஸ், வென்ட்ஸ்லோவா. இப்படியொரு கூட்டணியை எந்த உளவுத்துறை எதிர்பார்த்திருக்கும்! 1977 ஜனவரியில் வென்ட்ஸ்லோவா அமெரிக்கா போனார். அதே ஆண்டு சோவியத் குடியுரிமை பறிபோனது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பாடம் நடத்தினார். ஊரிலேயே இருந்த பெட்குஸுக்கு 1978ல் சிறையும் முகாமுமாகப் பத்தாண்டு, அதற்குமேல் சோவியத் எல்லைக்குள்ளேயே தொலைதூரத்தில் ஐந்தாண்டு கட்டாய வாசம்.

அரசை எதிர்த்தவர் என்பதோடு அறிமுகத்தை முடித்துவிடாதீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது யூதர்களும் லிதுவேனியர்களும் பற்றி 1970களில் அவர் எழுதிய கட்டுரை. நாஜி ஆக்கிரமிப்பில் லிதுவேனிய யூதர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குமேல் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் லிதுவேனியர்களும் உண்டு. சோவியத் ஆட்சியில் நாமும் அடிபட்டோமே என்று சொல்லி இதிலிருந்து நழுவ முடியாது என்றார் அவர். புலம்பெயர்ந்த சொந்த மக்களே கொதித்தார்கள். நாடு விடுதலையான பிறகும் அவர் மாறவில்லை. 2010ல் லிதுவேனியத் தேசியவாதத்தின் குறுகலைச் சாடி எழுதி மறுபடி வசை வாங்கினார். 2018ல் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸுக்கே திரும்பிக் குடியேறினார்.

கவிதைகளுக்கு வருவோம். அவர் பெரும்பாலும் யாப்பில், இயைபோடு எழுதுகிறவர். ஆங்கிலம் வழியாகப் புதுக்கவிதையாக இறக்கினால் பாதி உதிர்ந்துவிடும். தமிழில் ஓசை தெரிந்த ஒரு கவிஞரிடம் கொடுங்கள், மூன்று கவிதைகள் போதும்.

அவற்றோடு அந்த யூதர் கட்டுரையும் வரட்டும். பக்கம் இடிக்கிறது என்றால் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்குங்கள், கட்டுரையில் கை வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்