ஃபைன் என்று ஒரு பதில்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. லண்டனில் குளிர் தொடங்கியிருக்கும், நேரத்துக்குச் சாப்பிடு.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் 'ஃபைன்' என்கிறாய். மாப்பிள்ளை எப்படி என்றாலும் ஃபைன். முன்பெல்லாம் "உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்" என்று ஒரு வரி வரும். கொஞ்ச நாளாக அது வருவதில்லை.

அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தேன். லத்தீனில் 'ஃபீனிஸ்' என்றால் முடிவு, எல்லை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. கடைசிவரை பார்த்துப் பார்த்துச் செய்த வேலை நேர்த்தியாக இருக்குமல்லவா, அப்படித்தான் 'தரமானது' என்ற பொருள் வந்தது. மெல்லிய நூலும் ஃபைன், வெளுத்த வானமும் ஃபைன். நம் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் சாப்பிட்டால் 500 வெள்ளி, புகைபிடித்தால் 1,000 வெள்ளி ஃபைன் என்று போட்டிருக்கிறதே, அந்த ஃபைனுக்கும் இதே வேர்தான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு வழக்கைப் பேசித் தீர்த்துக்கொள்வதற்கு அந்தப் பெயர்; அதற்குக் கட்டிய பணம் பிறகு அபராதமானது. நீ பட்டம் வாங்கிய ஃபைனான்ஸும் கடனைக் கட்டி முடிப்பதில் தொடங்கியதுதான். நம் குடும்பத்தில் அதைப் படித்த முதல் ஆள் நீ. தேக்காவில் தெரிந்தவர் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லாமல் நான் வந்ததில்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அப்பாவுக்கு நாலு வரி எழுத நேரமில்லையா?

உன் பியானோ புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பாட்டின் நடுவில் 'ஃபீனே' என்று அச்சிட்டு, டீச்சர் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறார். இத்தாலிய மொழியில் அதுவும் முடிவுதான். முதலிலிருந்து திரும்ப வாசித்து, அந்த இடம் வந்ததும் நிறுத்த வேண்டும் என்று நீதான் எனக்கு விளக்கினாய்.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது தப்பில்லை, பாப்பா. பெரியத்தை விஷயத்தில் நம் வீட்டில் யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னார்களா? உனக்கே தெரியும். எது எப்படி இருந்தாலும் என்னிடம் ஃபைன் என்று மட்டும் சொல்லாதே. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்.

உன் அறை ஏர்கோனைப் போன வாரம் சர்வீஸ் செய்துவிட்டோம். நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். அங்கே நடுராத்திரியாக இருக்கும், இருந்தாலும் தூக்கம் வராவிட்டால் கூப்பிடு. நான் மட்டும்தான் வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா