மைக் ஸ்டாண்ட் ரோபோ: முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாக ரிமோட் மைக் ஸ்டாண்ட் (தூரத்திலிருந்தே மோட்டாரால் மைக்கை நகர்த்தும் ஸ்டாண்ட்) செய்ய முன்வருவது நல்ல விஷயம். ஆனால் உழைப்பெல்லாம் செல்போன் செயலிக்கும் வைஃபைக்குமே போகிறது. ஸ்டூடியோவுக்கு வேண்டியது அதுவல்ல. நகர்ந்து முடிந்ததும் மைக் துளியும் இறங்காமல், ஸ்டாண்ட் துளியும் சத்தமிடாமல் நிற்க வேண்டும்.

மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒன்று என இரண்டு மைக் வைப்பது வழக்கம். ஓர் ஓசை இரண்டையும் எட்டும் தூரத்தில் 1.7 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே, இரு மைக்கின் ஒலியையும் கலக்கும்போது 10,000 ஹெர்ட்ஸ் அருகே அவை ஒன்றையொன்று தின்றுவிடும்; மிருதங்கச் சொற்களின் கூர்மை மங்கும். கன்ட்ரோல் ரூமில் காதால் கேட்பவரே மைக்கை நகர்த்த முடிந்தால்தான் இந்த நுணுக்கம் கைக்கு வரும்.

முதலில் எடைக் கணக்கு. பெரிய கண்டென்சர் மைக் சுமார் 500 கிராம், ரப்பர் கட்டிய ஷாக் மவுண்ட் 300 கிராம். அரை மீட்டர் கையின் நுனியில் இந்த 800 கிராம் தொங்கினால் முறுக்குவிசை ஏறத்தாழ 3.9 நியூட்டன் மீட்டர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நீமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (சிறுசிறு படிகளாகச் சுழலும் மோட்டார்) சுமார் 0.4 நியூட்டன் மீட்டர்தான் தாங்கும். பெரிய மோட்டாருக்குப் போக வேண்டாம். கையின் மறுபுறம் 20 செ.மீ. தள்ளி 2 கிலோ எதிர் எடை கட்டினால் சமமாகிவிடும் (கையின் சொந்த எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்).

அடுத்தது சத்தம். பெரும்பாலான புராஜெக்டுகள் தோற்பது இங்கேதான். ஸ்டெப்பர் மோட்டார் நின்றிருக்கும்போதும் அதில் மின்சாரம் ஓடும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் டிரைவர் சர்க்யூட் மலிவானதாக இருந்தால், அதை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். டிஎம்சி 2209 போன்ற அமைதியான டிரைவர் இதைப் பெருமளவு குறைக்கும், ஆனால் அதுவே தீர்வல்ல. மைக் நின்றதும் மோட்டாருக்கான மின்சாரத்தையே துண்டித்துவிட வேண்டும். அப்படித் துண்டித்தாலும் மைக் இறங்காதிருக்க, ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. மட்டும் ஏறும் லீட் ஸ்க்ரூ (சுழலும்போது தன்மேல் உள்ள நட்டை நகர்த்தும் திருகுத் தண்டு) தேவை. 3டி பிரிண்டருக்கென்று விற்கும் 8 மி.மீ. ஏற்றமுள்ளதை வாங்கினால் எடை தானாகவே கீழே சறுக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அளந்து வாங்குங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 10 மி.மீ. வேகம். இது போதும். ரிப்பன் மைக்கை வேகமாக வீசினால் உள்ளிருக்கும் மெல்லிய தகடு காற்றிலேயே இழுபட்டுவிடக்கூடும்.

லீட் ஸ்க்ரூவின் நட்டில் சிறிது ஆட்டம் இருக்கும். அதனால் குறித்துவைத்த இடத்துக்குத் திரும்பும்போது எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிற்கும்படி புரோகிராம் எழுதுங்கள்.

கட்டளை அனுப்ப வைஃபையைவிட ஆர்எஸ்-485 (கம்பிவழித் தகவல் தொடர்பு முறை) நல்லது. வைஃபை சிப் விட்டுவிட்டு அனுப்பும் அலை, கவசம் சரியில்லாத மைக்கில் டிக்டிக் என்று விழும். மோட்டார் கம்பியையும் மைக் கேபிளையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். கை திரும்பும் மூட்டில் மைக் கேபிளுக்கு ஒரு தளர்ந்த வளையம் விட்டு, மீதிக் கேபிளைக் கையோடு இறுக்கிக் கட்டுங்கள். இல்லையென்றால் ஒவ்வோர் அசைவுக்கும் கேபிளின் இழுப்பு ஒலியாகவே பதிவாகும்.

பாதுகாப்பில் பலர் மறப்பது ஒன்று உண்டு. ஸ்டாண்டை ஆன் செய்ததும் அது தன் தொடக்க இடத்தை அறிய, ஓட்டத்தின் எல்லையில் உள்ள லிமிட் சுவிட்சைத் தேடிப் போகும். அந்தத் திசை வாத்தியத்தை விட்டு விலகும் திசையாக இருக்க வேண்டும். மாறினால் பல ஆயிரம் ரூபாய் மைக் நேராகத் தோலில் போய் மோதும். தொடர்பு அறுந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். வாசிப்பவர் கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்தப் பொத்தான் கட்டாயம்.

செய்து முடித்தபின், மெல்லிய குரலுக்கு வைக்கும் அளவுக்கு கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) ஏற்றி, ஸ்டாண்டுக்கு மின்சாரம் இருக்கும்போது ஒரு நிமிடமும், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடமும் வெறும் அமைதியைப் பதிவு செய்யுங்கள். ஹெட்போனில் மாற்றிமாற்றிக் கேட்டு வித்தியாசம் தெரிந்தால், செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஸ்டாண்ட் ஒலிப்பதிவுக்கு ஆகாது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் சிலர்,
சென்னை