நோட்டீஸில் பேர் போட்ட ஊருக்கு ஒரு கடமை இருக்கிறது: கடலோரத் திருவிழாக் கமிட்டியாருக்குத் திறந்த மடல்

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரைக்கும், பொங்கல் விழாவோ முளைப்பாரி எடுக்கிற முளைக்கொட்டோ எது வந்தாலும் முன்னால் நின்று நடத்துகிற கமிட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர் அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். நம் ஊர்களில் இருக்கிற வயதான நாடகக் கலைஞர்களைப் பற்றியது இந்த மடல். இதைக் கலெக்டருக்கு எழுதலாமே என்று சிலர் சொன்னார்கள். அவருக்கு எழுத வேண்டியது வேறு இருக்கிறது. இது உங்களால்தான் ஆகும், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நாடகம் ஆடி, பாட்டுக் கட்டி வாழ்ந்தவர்கள் நம் கடற்கரையில் வயதாகிக் கிடக்கிறார்கள். ராஜபார்ட் போட்டவர், ஸ்திரீபார்ட் போட்டவர், பபூனாக வந்து ஊரையே சிரிக்க வைத்தவர், ஹார்மோனியம் வாசித்தவர். சிலர் இங்கேயே பிறந்தவர்கள், சிலர் கல்யாணம் முடித்து வந்தவர்கள், சிலர் வயதான காலத்தில் மகள் வீட்டோடு இருக்கலாம் என்று வந்து சேர்ந்தவர்கள். குரல் போனதும் நாடக நோட்டீஸில் பேர் வருவது நின்றுவிடுகிறது, அப்புறம் அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட நாம் கேட்பதில்லை. முப்பது வருஷம் வள்ளியாக நின்ற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பாம்பன் பக்கம் இப்போது கருவாடு காய வைக்கிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் யாரென்று தெரியாது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கடைசிக் காலத்தை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். இன்றைக்கும் நம் மேடையில் நடக்கிற வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுதிக் கொடுத்தவை. பக்கவாதம் வந்து பேச்சும் நடையும் போன நிலையில் கடற்கரை ஊரான புதுச்சேரியில் இருந்தார், 1922 நவம்பர் 13ஆம் தேதி அங்கேயே காலமானார். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது, வருஷா வருஷம் நாடகக் கலைஞர்கள் அங்கே போய் மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். தன் வாத்தியாரை எங்கே வைத்தோம் என்பதை நடிகர்கள் மறக்கவில்லை. அந்த நன்றியைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது, கூடவே நம் ஊரை நினைத்து வருத்தமாகவும் இருக்கிறது.

நமக்கு மறதி மட்டும்தான் தெரியும் என்று சொல்ல மாட்டேன். திருச்சியிலிருந்து கிளம்பி வந்த தாயுமானவர் அடங்கிய இடம் ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் இருக்கிறது, இன்றும் விளக்கு எரிகிறது. காயல்பட்டினத்தில் பிறந்து, மார்க்க அறிஞர் தைக்கா சாகிபின் மருமகனாகிக் கீழக்கரையில் வாழ்ந்து, அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் நூல்கள் எழுதி, 1898இல் அங்கேயே மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிமை அந்த ஊர் இன்றுவரை மறக்கவில்லை, அவர் வளர்த்த அரூஸிய்யா மதரஸாவையும் மறக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் கோயில் இருக்கிறது, தர்கா இருக்கிறது, கும்பிட ஆள் இருக்கிறது. கூத்தாடிக்கு அது எதுவும் கிடையாது. அவருக்கு இருப்பது நீங்கள்தான், ஏனென்றால் அவரை மேடையேற்றியது குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு நீங்கள் சேர்த்த பணம்.

இவர்கள் வெறும் நடிகர்களா என்றால், இல்லை. ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முருகன் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறு ஊரிலிருந்து வருவார், நாரதர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் பவுடர் பூசிக்கொண்டு மேடையில்தான் முகத்தோடு முகம் பார்ப்பார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால் விடிகிற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் விடமாட்டார்கள். அந்தத் தர்க்கத்தில் சுவாமிகளின் பாட்டு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் அவரவர் கட்டியது, குருவிடம் வாங்கியது, எதிராளி மடக்கிய ராத்திரிக்கு மறுநாள் உட்கார்ந்து பதில் எழுதியது. எல்லாம் நோட்டில் இருக்கிறது. நான் சொன்ன அந்த அம்மாவிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. அச்சில் எங்கேயும் வராத பாட்டுகள் அதில் உண்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், எந்த மெட்டு, எந்த ஊர் மேடையில் பாடியது என்று குறித்து வைத்திருக்கிறார். உப்புக் காற்றில் தாள் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, பேனா மை பூத்துப்போய் பாதி பக்கம் படிக்க முடியவில்லை. அவர் கண்ணுக்குப் பின் அதைப் படித்துக் காட்ட யாரும் இல்லை. இப்படி எத்தனை வீட்டுப் பரணில் எத்தனை நோட்டு இருக்கிறதோ! 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது ரயிலும் தேவாலயமும் போனதைப் பேசுகிறோம், அந்த வழியாகக் கப்பலேறி இலங்கைக்கு நாடகம் போடப் போன கலைஞர்களைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலில் உங்கள் பழைய நோட்டீஸ் கட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வறுமையில் இருக்கிற வயதான கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3000 ரூபாய் நிதியுதவி உண்டு. அதற்கு விண்ணப்பிக்கப் போனால் கலைஞர் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஊர் ஊராக அலைந்து ஆடியவரிடம் என்ன காகிதம் இருக்கும்? எந்த வருஷம் எந்த மேடையில் நின்றார் என்பதற்குத் தேதியோடு, படத்தோடு இருக்கிற ஒரே காகிதம் உங்கள் நோட்டீஸ்தான். அதில் ஒன்றைத் தேடியெடுத்து, கமிட்டி லெட்டர்பேடில் நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஒரு கிழவருக்கு மாத்திரைச் செலவாவது ஓடும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் விசாரியுங்கள், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

அப்புறம் மேடை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், நாடகங்களும் அந்தச் சமயத்தில் நிறைய நடக்கும். நாடகம் தொடங்குவதற்கு முன்னால் அரசியல்காரருக்கும் நன்கொடையாளருக்கும் பொன்னாடை போர்த்துகிறீர்கள், போர்த்துங்கள். அதே மேடையில் உங்கள் ஊரில் இருக்கிற பழைய கலைஞர் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். குரல் இருந்தால் ஒரு விருத்தம் பாடட்டும், இல்லையென்றால் பேரைச் சொல்லி, இவர் எந்த வேஷம் போட்டார் என்று மைக்கில் சொல்லுங்கள். கையில் ஒரு கவரும் கொடுங்கள். பொன்னாடை வயிற்றை நிரப்பாது. வேலை இல்லாத தடைக்காலத்தில் வரி கேட்டால் ஜனங்கள் முணுமுணுப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஸ்பீக்கர் செட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகிற செலவைக் கூட்டிப் பாருங்கள், அதில் ஒரு சின்னப் பங்கு இதற்குப் போதும்.

நோட்டுகளை யாரும் பிடுங்கிக்கொண்டு போகக் கூடாது. கற்றுக்கொடுத்த வாத்தியார் கையெழுத்து, செத்துப்போன ஜோடி நடிகர் எழுதிக் கொடுத்த பாட்டு என்று அதில் அவர்கள் உயிர் இருக்கிறது. வீட்டிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்தால் போதும், பாடச் சொல்லிக் குரலையும் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டி விடுங்கள், போனிலேயே நடக்கிற காரியம் இது. எந்தப் பாட்டு எந்த மேடையில், யாரோடு தர்க்கத்தில் வந்தது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லும்போதே குறித்துக்கொள்ள வேண்டும், அந்த விவரம் நோட்டில் பாதிதான் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் வரி எழுத உட்காரும்போது இதையும் ஒரு பொருளாக வைத்துப் பேசுங்கள். உங்கள் ஊரில் இப்படி யாராவது இருந்தால் பேரும் தெருவும் சொல்லி அனுப்புங்கள். பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறேன், படம் எடுக்கவும் விண்ணப்பம் எழுதவும் கூட இருக்கிறேன்.

இப்படிக்கு,
நாடகம் பார்த்து வளர்ந்த ஒரு பாம்பன்காரன்